நல்ல மதிப்பெண் எல்லாரிடமும் இருக்கிறது. அப்புறம் எதைப் பார்த்து எடுக்கிறார்கள்?

ஒஹையோக்காரன்

வணக்கம். வெகுநாளாக வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. மகன் பதினோராம் வகுப்பு முடிக்கப் போகிறான். ஆகஸ்ட் 1-ஆம் தேதி காமன் ஆப் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம்) திறந்ததும் கல்லூரி விண்ணப்ப வேலை தொடங்கிவிடும். ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி) 4.0, எஸ்ஏடி (கல்லூரி நுழைவுத் தேர்வு) 1540, ஏபி (கல்லூரித் தரப் பாடங்கள்) ஏழு. பள்ளி ரோபாட்டிக்ஸ் அணியில் மூன்று வருடம். பியானோ எட்டு வருடம். போன வருடம் ஒரு தொண்டு அமைப்பு தொடங்கிப் பழைய லேப்டாப்களைச் சேகரித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தான். இந்தக் கோடையில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் வளாகத்தில் இரண்டு வார முகாமுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம்தான் கையைக் கடிக்கிறது.

நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாம் இருக்கிறது, ஸ்பைக் இல்லையே" என்றார். எதிலாவது ஒன்றில் கூராக நீட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். அதை இனிமேல் எங்கே போய் வாங்குவது? எம்ஐடி, கார்னெகி மெலன், கார்னெல் என்று பையன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தக் கூட்டத்தில் இவனைத் தனியாகக் காட்டப் போவது எது? பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

முதலில் எண்களைப் பார்த்துவிடுங்கள், மனது லேசாகும். அல்லது கனக்கும். மாணவர்களை எடுப்பதில் இனத்தைப் பார்ப்பதாக ஹார்வர்ட் மேல் போட்ட வழக்கு 2018-இல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தபோது வீட்டுக்குள் இருந்ததெல்லாம் தெருவுக்கு வந்தது. ஒரு வருடத்துக் கணக்கு தீர்ப்பிலேயே இருக்கிறது. எடுத்தது 2,000-க்கும் சற்றுக் குறைவு. விண்ணப்பித்த உள்நாட்டு மாணவர்களில் ஜிபிஏ முழுசாக வைத்திருந்தவர்கள் 8,000-க்கு மேல். எஸ்ஏடி கணிதத்தில் முழு மதிப்பெண் 3,400 பேருக்கு மேல், மொழிப் பகுதியில் 2,700 பேருக்கு மேல். முழு ஜிபிஏ வைத்திருந்தவர்களை மட்டும் கொண்டே அந்த வகுப்பை நாலு தரம் நிரப்பியிருக்கலாம்.

உங்கள் பையனின் 4.0-ம் 1540-ம் அவனை வாசல் தாண்ட வைக்கும், அவ்வளவுதான். அதை 1570 ஆக்குகிறேன் என்று இன்னொரு தரம் எழுத அனுப்பாதீர்கள். ஸ்பைக் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. நான் எண் பார்க்கிற ஆள்.

பருவகால வாசகி

நான் ஆறு குளிர்காலம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பங்கள் வாசித்திருக்கிறேன். பெயர் வேண்டாம். நிரந்தர வேலை இல்லை. நவம்பரில் கூப்பிடுவார்கள், மார்ச்சில் அனுப்பிவிடுவார்கள். வீட்டிலிருந்தே வாசிப்பேன். ஒரு கோப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம்.

எப்படி வாசிப்போம் என்று சொன்னால் பாதிக் கேள்வி கரைந்துவிடும். நான் முதலில் திறப்பது பையனுடைய எதையும் இல்லை, அவன் பள்ளியின் புரொஃபைல். கவுன்சலர் அனுப்பும் ஒன்றிரண்டு பக்கம் அது. அந்தப் பள்ளியில் ஏபி எத்தனை உண்டு, மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள், முடித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்று இருக்கும். "ஏபி ஏழு" என்று நீங்கள் எழுதியது தனியாக எனக்கு ஒன்றும் சொல்லாது. எட்டு ஏபி இருக்கிற பள்ளியில் ஏழு எடுத்தவனும், இருபத்தைந்து இருக்கிற பள்ளியில் ஏழு எடுத்தவனும் ஒன்றா? அதற்கப்புறம்தான் மார்க் ஷீட், ஆக்டிவிட்டி (பாடத்துக்கு வெளியே செய்தவை), ஆசிரியர் கடிதங்கள், எஸ்ஸே (மாணவன் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை).

எல்லாம் வாசித்த பின்னால் ஒரு சின்னப் பெட்டியில் நாலைந்து வரி எழுத வேண்டும். இவன் யார், என்ன செய்திருக்கிறான், இங்கே வந்தால் என்ன செய்வான் என்று. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அலுவலர் இந்த வரிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் குழுவில் அவனுக்காகப் பேசுவார். எனக்குத் தெரிந்து தனித்துத் தெரிவது என்பது அந்த இடத்தில்தான் நடக்கிறது. போன கோப்புக்கு எழுதின வரியையே பெயர் மாற்றி இதற்கும் போடலாம் போல இருந்தால், அந்தக் கோப்பு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

மனது நோகாதீர்கள். ரோபாட்டிக்ஸ், பியானோ, லேப்டாப் தொண்டு அமைப்பு, வளாக முகாம் என்ற இந்த நாலையும் இதே வரிசையில் நான் ஒரே நாளில் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஒரு கேள்வி. அவன் ரோபாட்டிக்ஸில் என்ன செய்கிறான்? "அணியில் இருக்கிறான்" என்ற பதில் வேண்டாம். செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு அந்த அறையில் அவன் கையில் என்ன இருக்கிறது?

நெத்தியடி

வாசகி அக்கா நன்றாகத்தான் சொல்கிறார், ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதே ஹார்வர்ட் வழக்கில் வெளியே வந்த இன்னொரு கணக்கு: விளையாட்டுக்காகக் கூப்பிடப்பட்டவர்கள், பழைய மாணவர்களின் பிள்ளைகள், டீன் பட்டியலில் இருப்பவர்கள் (நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள் என்று வாசித்துக்கொள்ளுங்கள்), பேராசிரியர்கள் ஊழியர்களின் பிள்ளைகள். இந்த நாலு வகையும் சேர்ந்து விண்ணப்பத்தில் 5 சதவீதம்கூட இல்லை. எடுத்தவர்களில் சுமார் 30 சதவீதம். மீதிக் கதவுக்கு முன்னால்தான் நம் பிள்ளைகள் ஸ்பைக்கைத் தேடிக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்புறம் அந்த 'பர்சனல் ரேட்டிங்'. ஆசிய அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அதிகம், குணத்தில் குறைவு. நேரில் பார்க்காமலே குணத்துக்கு மார்க். இதற்கு என்ன எஸ்ஸே எழுதி என்ன?

கணக்குப்பிள்ளை

நெத்தியடி சொன்ன எண்கள் சரி. ஆனால் கதையை முழுசாகச் சொல்லுங்கள். 2019-இல் கீழ் நீதிமன்றம் ஹார்வர்ட் பக்கம்தான் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 அன்று அதைப் புரட்டிப் போட்டது, இனத்தை ஓர் அளவுகோலாக வைக்கக் கூடாது என்றது. தன் வாழ்க்கையை இனம் எப்படித் தொட்டது என்று மாணவன் தானே எழுதினால் அதை வாசிக்கலாம் என்று தீர்ப்பிலேயே ஒரு வழியும் விட்டிருக்கிறது.

லெகசி (பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் சலுகை) விஷயமும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. இவர் பையன் கேட்கிற எம்ஐடி அதைப் பார்ப்பதே இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் விட்டுவிட்டது, ஆம்ஹர்ஸ்ட் 2021-இல் விட்டது. கலிஃபோர்னியாவில் 2024-இல் சட்டமே போட்டுத் தனியார் கல்லூரிகளுக்கும் தடுத்துவிட்டார்கள்.

ரெண்டு பிள்ளை பட்ட பாடு

ஒஹையோ சார், முகாமுக்குப் பணம் கட்டிவிட்டீர்களா? கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

என் மூத்தவளை அப்படி ஒரு முகாமுக்கு அனுப்பினேன். பெயர் பெரிய பெயர். போய்ப் பார்த்தால் நடத்துவது வெளியாள் கம்பெனி, பல்கலைக்கழகத்திடம் விடுதியையும் வகுப்பறையையும் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். பாடம் நடத்தியது இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், பாவம், நல்ல பிள்ளைதான். கடைசி நாள் சான்றிதழ், சட்டை, குழுப்படம். அந்தச் சட்டையை இப்போதும் கார் துடைக்க வைத்திருக்கிறோம்.

எல்லா முகாமும் அப்படியில்லை. ஆர்எஸ்ஐ என்று எம்ஐடியில் கோடை ஆராய்ச்சி முகாம் ஒன்று உண்டு, படிப்புக்குக் கட்டணமே கிடையாது. டெல்யூரைட் என்ற அமைப்பு நடத்தும் டாஸ் முகாமும் இலவசம். அங்கெல்லாம் நுழைவதே குதிரைக்கொம்பு, அதனால்தான் அதற்கு மதிப்பு. பணம் கட்டினால் இடம் என்பதைப் பார்க்கிற அலுவலர், இந்த வீட்டில் பணம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். அதற்கு மேல் அதில் என்ன தெரியும்?

இளையவன் அந்தக் கோடையில் மளிகைக் கடையில் பை போட்டுக் கொடுக்கிற வேலைக்குப் போனான். நான் சண்டை போட்டேன், கேட்கவில்லை. காமன் ஆப்பில் ஆக்டிவிட்டி வகை தேர்ந்தெடுக்கிற இடத்தில் 'சம்பள வேலை' என்று தனியாகவே ஒன்று இருக்கிறது, 'குடும்பப் பொறுப்பு' என்றும் ஒன்று இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ஒஹையோக்காரன்

எல்லாருக்கும் நன்றி. வாசகி அவர்களின் கேள்விக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. வாரம் மூன்று நாள் நானே கொண்டுபோய் விட்டு, இரவு எட்டு மணிக்கு நானே கூட்டி வருகிறேன். மூன்று வருடமாக. உள்ளே என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. 'எலெக்ட்ரிகல் டீம்' என்று தெரியும், அவ்வளவுதான். இன்று இரவு கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தொண்டு அமைப்பை எல்லாரும் இப்படி ஓரமாகத் தள்ளுவது கொஞ்சம் வலிக்கிறது. அது என் யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபது முப்பது பிள்ளைகளுக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது உண்மை.

பருவகால வாசகி

சேர்ந்தது நல்ல காரியம், சார். அதை யாரும் மறுக்கவில்லை. பையனுக்குப் பிடித்திருந்தால் தொடரட்டும். 'நிறுவனர் மற்றும் தலைவர்' என்ற பட்டத்தைப் பார்த்துத்தான் நாங்கள் புருவம் தூக்குகிறோம், ஏனென்றால் அது விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்னால் பிறந்து, முடிவு வந்த மறுநாள் செத்துப்போகிற ஒரு வகை அமைப்பாக இருப்பதை நிறையப் பார்த்துவிட்டோம்.

தூக்கம் வராத சோபோமோர்

மாணவன் ஒருவன் எழுதலாமா? நான் இரண்டு வருடத்துக்கு முன் இதே வேலையாக ஓடியவன். ஒன்பது தனியார் கல்லூரிக்குப் போட்டேன், ஒன்பதும் இல்லை என்றன. இப்போது எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் பிரிவில் இருக்கிறேன்.

அம்மா ஒரு ஆலோசகருக்குப் பணம் கொடுத்தார். அவர் என் எஸ்ஸேவைப் பதினொரு தரம் திருத்தினார். முதல் வடிவத்தில், தாத்தா வீட்டுக்குப் போனபோது எனக்குத் தமிழ் சரியாகப் பேச வராததால் சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்த கதையை எழுதியிருந்தேன். கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கும், ஆனால் நான் எழுதியது. பதினோராவது வடிவத்தில் நான் 'இரு பண்பாடுகளுக்கு இடையே பாலம்' ஆகியிருந்தேன். 650 சொல், ஒரு பிழை இல்லை. அண்மையில் எடுத்து வாசித்தேன். யாரோ ஐம்பது வயதுக்காரர், பாலத்தைத் திறந்துவைக்கிற விழாவில் பேசுகிறார் போல இருந்தது.

முதல் வடிவத்தை அனுப்பியிருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்பது 'இல்லை'யும் எனக்கு வந்ததா அந்தப் பெரியவருக்கு வந்ததா என்று இன்னும் தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

நெத்தியடி

தம்பி, நீ எழுதியதே இந்த இழையில் நல்ல எஸ்ஸே.

எதிர் மேசை

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வருடத்துக்கு இருபத்தைந்து முப்பது பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன், சம்பளத்தில் சேராத வேலை. பெற்றோர்கள் எஸ்ஸேவுக்கு இறைக்கிற கவலையில் கால் பங்கைக்கூடக் கடிதத்துக்குக் கொடுப்பதில்லை, ஆச்சரியமாக இருக்கிறது. விண்ணப்பத்தில் பையனைப் பற்றி வேறொருவர் பேசுகிற இடம் கடிதங்களும் கவுன்சலர் எழுதுவதும்தான். மற்றதெல்லாம் அவன் தன்னைப் பற்றித் தானே சொல்வது.

காமன் ஆப்பில் ஆசிரியருக்கு ஒரு படிவம் வரும். கட்டங்கள் இருக்கும். சராசரி, நல்லது, மிக நல்லது, மேல் 10 சதவீதம், மேல் 5 சதவீதம், கடைசிக் கட்டம் 'நான் சந்தித்தவர்களில் மிகச் சிலரில் ஒருவர்'. அந்தக் கடைசிக் கட்டத்தில் நான் 19 வருடத்தில் நாலு பேருக்குத்தான் குறி போட்டிருக்கிறேன். நாலு பேரில் ஒருத்தி வகுப்பில் முதல் இல்லை, ஏழாவதோ எட்டாவதோ.

அவள் கதையைச் சொல்கிறேன். உராய்வு பற்றிய சோதனை. மரக்கட்டையைச் சாய்தளத்தில் வைத்து எந்தக் கோணத்தில் நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாருக்கும் புத்தகத்தில் சொன்ன மாதிரி வந்தது, அல்லது வந்த மாதிரி எழுதினார்கள் (எனக்குத் தெரியாதா?). இவளுக்கு வரவில்லை. ஒவ்வொரு தரமும் கோணம் கொஞ்சம் கூடிக்கொண்டே போனது. 'தவறு எங்கே என்று தெரியவில்லை' என்று அப்படியே எழுதிக் கொடுத்தாள். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள், அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் கண்டுபிடித்தாள்: கையில் தடவியிருந்த லோஷன் கட்டையின் அடியில் ஒட்டி, தொடத் தொடப் பிசுபிசுப்பு ஏறியிருக்கிறது. கட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்து வந்து காட்டினாள். கடிதத்தில் இந்த லோஷனைத்தான் எழுதினேன். 'கடின உழைப்பாளி, பணிவானவர், வகுப்பில் சிறந்தவர்' என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

ஒஹையோ சார், கோடை விடுமுறைக்குள் இரண்டு ஆசிரியர்களைக் கேட்கச் சொல்லுங்கள். எம்ஐடிக்கு ஒருவர் கணிதம் அல்லது அறிவியல், இன்னொருவர் மொழி, வரலாறு பக்கம் இருக்க வேண்டும். அதிக மார்க் போட்டவரைத் தேட வேண்டாம். எந்த வகுப்பில் தடுக்கி எழுந்தானோ அந்த ஆசிரியர் போதும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கிற பெட்டியிலும் டிக் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் நாங்களும் ஒரு மாதிரி கைகட்டித்தான் எழுதுவோம்.

ஒஹையோக்காரன்

கேட்டேன். இரவு பதினொன்றரை வரை பேசினோம். அப்படிப் பேசி எவ்வளவு நாள் ஆயிற்று என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். ரோபாட் ஓடும்போது மோட்டார் நின்றுபோனால், யாராவது 'செத்துப்போச்சு' என்று சொல்லிப் புதியதை மாட்டுவார்கள். பழையது ஒரு பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவன் ஒன்பதாம் வகுப்பில், வேறு வேலை யாரும் கொடுக்காததால், அந்தப் பெட்டியைக் கிளறத் தொடங்கியிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஒட்டுத்தாள்: எந்தத் தேதி, ரோபாட்டில் எந்த இடத்தில், யார் மாட்டியது. ஒவ்வொன்றாக மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறான். இரண்டு பருவத்தில் 23 மோட்டார். அதில் 14 சாகவே இல்லை. வயர் முனையில் மாட்டுகிற உலோகத் துண்டைச் சரியாக நெரிக்கவில்லை, கிரிம்ப் என்கிறான் அதை. ஆட்டத்தில் குலுங்கக் குலுங்கத் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது, மோட்டார் மேல் பழி. 'யார் மாட்டியது' என்று எழுதி வைத்ததில் இன்னொன்றும் தெரிந்ததாம்: பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கை. இப்போது வருடத் தொடக்கத்தில் புதியவர்களை உட்கார வைத்து, வயரைப் பிடித்து இழுத்துப் பார்க்காமல் மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று இவன்தான் பாடம் நடத்துகிறான்.

இதை ஏன்டா சொல்லவில்லை என்றேன். "இது ஒரு அச்சீவ்மென்ட் இல்லையேப்பா" என்கிறான். ஆக்டிவிட்டி பட்டியலில் 'அணி உறுப்பினர், மாநிலப் போட்டி' என்று எழுதி வைத்திருந்தோம். 'உறுப்பினர்' என்று போட்டது நான்.

பருவகால வாசகி

சார், என் நாலு வரி கிடைத்துவிட்டது.

காமன் ஆப்பில் பத்து ஆக்டிவிட்டிக்கு இடம், ஒவ்வொன்றுக்கும் விவரம் 150 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. சின்ன இடம், அதனால் பெயரடைக்கு அதில் வேலையில்லை. 'ஆர்வத்துடன் பங்களித்து அணியின் வெற்றிக்கு உதவினேன்' என்று எழுதினால் இடம் தீர்ந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பதில்: 'செத்ததாக ஒதுக்கிய 23 மோட்டாரைச் சோதித்தேன், 14 நன்றாக இருந்தன, பழுது வயர் முனையில். இப்போது புதியவர்களுக்குக் கிரிம்ப் கற்றுத் தருகிறேன்.' ஆங்கிலத்தில் இதை 150-க்குள் கொண்டுவர அவனே மல்லுக்கட்டட்டும், நல்ல பயிற்சி.

எம்ஐடி காமன் ஆப்பில் இல்லை, தனிப் படிவம். அங்கே ஆக்டிவிட்டிக்கு நாலே நாலு இடம். பத்தாவது வரி வரை நிரப்ப ஓடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வெறும் சந்தோஷத்துக்காக என்ன செய்கிறாய் என்று ஒரு கேள்வியும் கேட்பார்கள். அதற்கும் மோட்டாரையே எழுதிவிடாதீர்கள், அவனுக்கு வேறு ஏதாவது இருக்கும்.

பியானோவைப் பற்றி ஒன்று. எட்டு வருடம் வாசித்ததை எடுத்துவிட வேண்டாம், ஆனால் கீழே போகட்டும்.

நெத்தியடி

எனக்கு ஒரு பயம். அடுத்த வருடம் இதே ஊர்ப் பெற்றோர்கள் எல்லாம் பிள்ளைகளைப் பழைய மோட்டார்ப் பெட்டி முன்னால் உட்கார வைப்பார்கள். ஆலோசகர்கள் 'பெட்டி உத்தி' என்று பெயர் வைத்து விற்பார்கள்.

ரெண்டு பிள்ளை பட்ட பாடு

வைக்கட்டுமே. மூன்று வருடம் கிளற வேண்டும், அதற்கு எத்தனை பிள்ளைக்குப் பொறுமை இருக்கிறது?

சனிக்கிழமை நேர்காணல்

தாமதமாக வருகிறேன். படித்த கல்லூரிக்காக இங்குள்ள பிள்ளைகளை நேர்காணல் செய்கிற பழைய மாணவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் அறிக்கைக்கு அங்கே பெரிய எடை கிடையாது.

ஒரு பெண் வந்தாள். பரிசு, பதக்கம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கு மாநகரப் பேருந்தில் போகிறவள். பேருந்து தினமும் எத்தனை மணிக்கு உண்மையில் வருகிறது என்று பதினாலு மாதம் ஒரு சின்ன நோட்டில் எழுதியிருக்கிறாள். கால அட்டவணை ஒன்று, நோட்டு இன்னொன்று. மழை நாள், பள்ளி விடுமுறை நாள் எல்லாம் பென்சில் குறியில். அதை எடுத்துக்கொண்டு நகர மன்றக் கூட்டத்துக்குப் போய், பொதுமக்களுக்கு ஒதுக்கும் மூன்று நிமிடத்தில் பேசினாள். ஒன்றும் மாறவில்லை. மறுபடியும் போனாள். ஏன் போனாய் என்றேன். "அன்றைக்குப் பேருந்து வழித்தடம் பார்க்கிறவர் வரவில்லை, அதனால்" என்றாள். ஒன்றே கால் மணி நேரம் பேசினோம், நான் எழுந்திருக்க மறந்துவிட்டேன்.

என்னால் முடிந்த அளவு அழுத்தி எழுதினேன். அவளை எடுக்கவில்லை.

வேறு ஒரு நல்ல கல்லூரிக்குப் போய்விட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் இதை இங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் மேலே வாசிக்கும்போது மோட்டார்ப் பெட்டி கிடைத்ததும் இடமும் கிடைத்த மாதிரி ஒரு தொனி வந்துவிட்டது. நல்ல கோப்பைக்கூடத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த வருடம் அவர்களுக்கு வேறு மாநிலத்திலிருந்து ஆள் வேண்டியிருக்கலாம், ஓபோ வாசிக்கிறவர் வேண்டியிருக்கலாம். வெளியே இருந்து யாருக்கும் தெரியாது.

பருவகால வாசகி

அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் நன்றாக எழுதி அனுப்பியவர்களிலும் பாதிக்கு மேல் போகவில்லை.

கணக்குப்பிள்ளை

நடைமுறை விஷயம் சிலது. கார்னெகி மெலனிலும் கார்னெலிலும் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக விண்ணப்பிப்பதில்லை, அதற்குள் இருக்கிற கல்லூரிக்குத்தான். கார்னெகி மெலனின் கம்ப்யூட்டர் சயின்ஸ் பள்ளி தனி உலகம், அங்கே போட்டி வேறு. மோட்டார்ப் பெட்டிக்காரனுக்கு எலெக்ட்ரிகல் பக்கம்தானே பொருத்தம்? எல்லாரும் போகிறார்கள் என்று சிஎஸ் போட்டுவிட்டு, கோப்பு முழுக்க வயர் பற்றிப் பேசினால் வாசிக்கிறவருக்கும் குழப்பம். அதற்காக எளிதாக நுழையலாம் என்று சம்பந்தமில்லாத பாடம் போட்டுப் பின்னால் மாறிக்கொள்ளும் தந்திரமும் வேண்டாம், பல இடங்களில் உள்ளே போனபின் சிஎஸ்ஸுக்கு மாறுவது கடினம்.

கார்னெலில் எர்லி டிசிஷன் (முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) கட்டுப்படுத்தும். கிடைத்தால் போயே ஆக வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அவர்கள் தளத்தில் இருக்கிற, உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியதைக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் வீட்டு வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். அதே போல முன்கூட்டியே போடுகிற எம்ஐடியின் எர்லி ஆக்‌ஷன் கட்டுப்படுத்தாது.

கலிஃபோர்னியாவின் யூசி (மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள்) பக்கம் போவதாக இருந்தால் இந்த இழையில் பேசியதில் பாதி மாறும். எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. ஆசிரியர் கடிதமும் பொதுவாகக் கேட்பதில்லை, அதனால் எதிர் மேசை அக்காவின் லோஷன் அங்கே போய்ச் சேராது. எட்டுக் கேள்வியில் நாலுக்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். அலங்காரம் இல்லாமல், கேட்டதற்குப் பதில்.

கடைசியாக, எஸ்ஸேவை ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்குவதைக் காமன் ஆப் மோசடியாகவே எடுத்துக்கொள்கிறது. சோபோமோர் தம்பியின் பாலம் திறக்கும் பெரியவர் இப்போது இலவசமாகவே கிடைக்கிறார், ஜாக்கிரதை.

தூக்கம் வராத சோபோமோர்

அந்தப் பெரியவரை விடவே மாட்டீர்களா சார்?

ஒஹையோக்காரன்

முகாமை ரத்து செய்துவிட்டோம். முன்பணம் கொஞ்சம் போயிற்று, போகட்டும். வீட்டில் சின்னதாக ஒரு சண்டை, அதுவும் முடிந்தது.

தொண்டு அமைப்பை மூடிவிடலாமா என்று நானே கேட்டேன். வேண்டாம் என்றான். கராஜில் இன்னும் பதினோரு லேப்டாப் இருக்கிறது, அதிலுள்ள பழைய தகவலையெல்லாம் அழித்துச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுத்தான் நிறுத்துவானாம். 'நிறுவனர்' என்று எழுத மாட்டானாம். அது அப்பா எழுதிக்கொள்ளட்டும் என்கிறான்.

சனிக்கிழமை அண்ணா சொன்னதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அந்தப் பெண் மூன்றாவது தரம் போனாளா என்று கேட்டான்.

இயற்பியல் ஆசிரியரைக் கடிதத்துக்குக் கேட்டுவிட்டான். இரண்டாவது கடிதத்துக்கு வரலாற்று ஆசிரியரா, இலக்கிய ஆசிரியரா என்று இழுபறி. இலக்கியத்தில்தான் பி ப்ளஸ்ஸிலிருந்து ஏறி வந்தான், ஆனால் வரலாற்றில் ஆசிரியருக்கு இவன் மேல் பிரியம். எதிர் மேசை மேடம், எது?

எதிர் மேசை

இலக்கியம். இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள், ஜூனில் எங்கள் ஆட்கள் யாரும் மின்னஞ்சல் திறக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை நேர்காணல்

போனாள். மூன்றாவது தரம் அந்த அதிகாரி வந்திருந்தாராம். நோட்டை வாங்கி நகல் எடுத்துக்கொண்டாராம்.